ஹெரால்டுக்கு ஒரு மாற்றுக் குழாய்

அத்தியாயம் 17

2006 செப்டம்பர் 14, வியாழக்கிழமை. காலை ஆறு மணி பத்து நிமிடம். வானம் மூடிக் கிடந்தது. மழை பெய்யும் உத்தேசம் அதற்கு இருந்ததாகத் தெரியவில்லை. மேற்கேயிருந்து வீசிய வறண்ட காற்று, விருதுநகர்ச் சாலையின் புழுதியை அள்ளி நாகையாவின் வெல்டிங் பட்டறைக்குள் கொட்டிக்கொண்டிருந்தது.

பட்டறைக் குழியின் மேல் ஹெரால்டு கார் நின்றது. குழிக்குள் பாண்டிமுருகன் நின்றார். நாற்பத்தேழு வயது, ஐந்து மணிக்கே வந்துவிட்டார். பதினொரு மணிக்குள் அந்தக் கார் தன் சொந்த பலத்தில் குடும்பத்தின் பட்டாசு ஆலைக்குப் போய்ச் சேர வேண்டும் என்பது அண்ணன் சோலைமலையின் கட்டளை.

நான்கு மாதங்களாகக் கார் வீட்டுக் கொட்டகையை விட்டு நகரவில்லை. எஞ்சினுக்கு ஒரு குறையும் இல்லை. புகை வெளியேறும் குழாயும் சைலன்சரும் துருப்பிடித்து உதிர்ந்துவிட்டன. அறுபத்துநான்காம் ஆண்டில் அப்பா வாங்கிய கார்; அந்த வகைக் காரின் உற்பத்தி நின்று முப்பது ஆண்டுகளுக்கு மேலாகிறது. மதுரைப் பழைய இரும்புக் கடைகள், கோயம்புத்தூரில் இரண்டு பட்டறைகள், சென்னையில் ஓர் உதிரிபாக வியாபாரி என்று பாண்டிமுருகன் அலையாத இடமில்லை. சென்ற வாரம் அந்தச் சென்னை வியாபாரியின் கடிதம் வந்தது. ‘தாங்கள் கேட்ட சைலன்சர் எங்களிடம் இல்லை. வேறு எவரிடமும் இருப்பதாகவும் தெரியவில்லை.’

சோலைமலை அதை இருமுறை படித்தார். பிறகு, குறை தம்பியின் தேடலில்தான் இருந்தது என்பதுபோலக் கடிதத்தை அவர் பக்கம் தள்ளி வைத்தார்.

“அசல் கிடைக்கலைன்னா அசல் மாதிரி ஒண்ணு பண்ணு. வியாழக்கிழமை கார் உள்ள வந்தாகணும்.”

வியாழக்கிழமைக்குக் காரணம் இருந்தது. சிவகாசியில் காலண்டர் அச்சகம் நடத்தும் தங்கச்சாமி, தம் மகனுக்குச் சோலைமலையின் ஒரே மகள் மாரிச்செல்வியைக் கேட்டிருந்தார். பெண் பார்த்தாயிற்று. இன்று மனைவியுடன் ஆலையைப் பார்க்க வருகிறார். பார்த்த பிறகு வாக்குச் சொல்வார். வேண்டிய விருந்தாளிகளை ஹெரால்டில் ஏற்றி ஆலைக்குள் ஒரு சுற்று அழைத்துப்போவது அப்பா காலத்திலிருந்து வருகிற வழக்கம். அப்பா அதை மரியாதை என்று நினைத்தார். சோலைமலை அதை அந்தஸ்து என்று நினைத்தார்.

“சின்ன மொதலாளி, ஸ்டார்ட் பண்ணிப் பாக்கவா?” என்று மேலேயிருந்து நாகையா கேட்டார்.

“பண்ணுங்க.”

எஞ்சின் முனகிப் பிடித்தது. பாண்டிமுருகன் டார்ச் வெளிச்சத்தில் ஒவ்வோர் இணைப்பாகப் பார்த்தார். முன்குழாய் கறுப்பு இரும்பு. உள்ளே மணலை நிரப்பி, இரு முனையையும் கட்டை அடித்து அடைத்து, உலையில் காய்ச்சி நாகையா வளைத்தது. சைலன்சர் பியட் காருடையது. நீளம் நான்கு அங்குலம் மிகுதியாக இருந்ததால் நடுவில் அறுத்து ஒட்டியது. இணைப்பில் வைக்கும் கேஸ்கெட் எந்தக் கடையிலும் இல்லை. பழையதன் வடிவத்தை அட்டையில் வரைந்து, தகட்டில் பாண்டிமுருகனே உளியால் வெட்டியது. தொங்கும் பிடிகள் லாரி டயரின் பட்டைகள். எதுவும் அந்தக் காருக்காகப் பிறந்ததன்று; ஆயினும் எல்லாம் ஒருவாறு பொருந்தியிருந்தன.

“சத்தம் எப்படி?” என்றார் நாகையா, பெருமையை மறைக்காமல்.

“சத்தம் நல்லாத்தான் இருக்கு. வலையை மாட்டுங்க.”

வலை என்று அவர்கள் சொன்னது ‘அரெஸ்டர்’ எனப்படும் பொறித்தடுப்பை. பட்டாசு ஆலைக்குள் நுழையும் எந்த வண்டிக்கும் புகைக்குழாயின் முனையில் அது இருந்தாக வேண்டும். ஒரு தகரக் கூட்டுக்குள் நெருக்கமான எஃகு வலை. எஞ்சின் கக்கும் பொறி வலையில் பட்டு அவிந்துபோகும். விருதுநகரில் நேற்றுக் கிடைத்தது லோடு ஆட்டோவுக்கு உரியது. ஹெரால்டின் எஞ்சினுக்கு ஏற்ற அளவு மதுரையிலிருந்து நாளை மாலைதான் வரும்.

மாட்டினார்கள். நாகையா காரை எடுத்துக்கொண்டு மேம்பாலம் வரை போனார். போனவர் நடந்து திரும்பி வந்தார்.

“ஏத்தத்துல ஏற மாட்டேங்கு, சின்ன மொதலாளி. வலை ரொம்பப் பொடுசு. மூக்கைப் பொத்திக்கிட்டு ஓடுன்னா எந்த மாடு ஓடும்?”

இருவரும் காரைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். மணி எட்டேகால். பாண்டிமுருகன் கைப்பேசியில் அண்ணனை அழைத்தார்.

“அண்ணே, பெரிய வலை நாளைக்குத்தான் வரும். சின்னதை மாட்டுனா வண்டி இழுக்க மாட்டேங்கு. இன்னைக்கு ஜீப்புல கூட்டிட்டுப் போவோமா?”

“எப்படியாவது ஓட வை,” என்றார் சோலைமலை. “எப்படின்னு எங்கிட்டச் சொல்லாத.”

தொடர்பு அறுந்தது.

பாண்டிமுருகன் காரின் பின்னால் குத்த வைத்து உட்கார்ந்தார். பொறித்தடுப்பின் மூடியைத் திருகிக் கழற்றினார். உள்ளிருந்த எஃகு வலையை உருவி எடுத்தார். வெறுங் கூட்டை மட்டும் மறுபடி மாட்டினார். வெளியேயிருந்து பார்த்தால் ஒரு வேறுபாடும் தெரியாது. நாகையா அந்த நேரத்தில் உலைப் பக்கம் திரும்பிக்கொண்டு எதையோ தேடினார். தேடும் பொருள் எதுவும் அங்கே இல்லை.

“சித்தப்பா, இட்லி.”

தூக்குவாளியுடன் மாரிச்செல்வி நின்றிருந்தாள். ஆலை அலுவலகத்தில் கணினி வேலை பார்ப்பவள். ஸ்கூட்டியில் வந்தவள் எப்போது வந்தாள் என்று அவருக்குத் தெரியவில்லை. அவள் கண் அவர் கையிலிருந்த வலையின் மேல் இருந்தது.

“அதை எதுக்குக் கழட்டுறீக?”

“மாட்டுனா வண்டி ஓடலை தாயி.”

“இல்லாட்டி உள்ள விட மாட்டாகளே.”

“மொத கேட்டு வரைக்குந்தான் வரும். ஆபீஸ் வாசல்ல எல்லாரும் எறங்கிருவாக.”

“எங்கப்பா அம்புட்டோட நிறுத்துவாகளா?”

பாண்டிமுருகன் வலையைக் கருவிப்பெட்டியில் போட்டு மூடினார். இட்லியை மூன்று வாயில் விழுங்கினார்.

பத்து மணிக்குச் சோலைமலை காரை வாங்க வந்தார். வெள்ளை வேட்டி, தோளில் புதுத் துண்டு. எஞ்சினை முறுக்கி ஒலியைக் கேட்டார். நாகையாவைப் பார்த்துத் தலையசைத்தார், தம்பியைப் பார்க்கவில்லை.

“அண்ணே, மொத கேட்டுக்கு அங்கிட்டுக் கொண்டுபோக வேண்டாம்.”

“ஏன்?”

சொல்ல வேண்டிய வாக்கியம் நாக்கு நுனி வரை வந்தது.

“புதுக் குழாய். சூடாகும்,” என்றார் பாண்டிமுருகன்.

“சூடானா ஆறும்,” என்று சொல்லிவிட்டுச் சோலைமலை காரை எடுத்தார்.

*

ஆலைக்கு இரண்டு வாசல்கள். முதல் வாசலுக்குள் அலுவலகம், காகிதக் கிடங்கு, வெடிகளுக்கான காகிதக் குழாய் உருட்டும் கூடம். இரண்டாம் வாசலுக்குள் மருந்து கலக்கும் அறைகளும் காயவைக்கும் மேடைகளும். இரண்டாம் வாசலில் இருபத்திரண்டு ஆண்டுகளாகச் சங்கிலிமுத்து காவல் நின்றார்.

அங்கே ஒரு சோதனை உண்டு. எந்தச் சட்டப் புத்தகத்திலும் இல்லாத சோதனை. எழுபத்தொன்பதாம் ஆண்டுத் தீ விபத்துக்குப் பிறகு அப்பா ஏற்படுத்தியது. கம்பி வளையத்தில் வெள்ளை மல்துணியை இழுத்துக் கட்டி, வண்டியின் புகைவாய்க்கு ஒரு சாண் பின்னால் பிடிக்க வேண்டும். ஓட்டுநர் எஞ்சினை மூன்று முறை முறுக்க வேண்டும். துணி கறுத்தால் பாதகமில்லை. ஓட்டை விழுந்தால் வண்டி திரும்ப வேண்டும். அப்பாவின் கார் என்றாலும் அப்பா நின்று காட்டிவிட்டுத்தான் உள்ளே போவார்.

பதினொன்று இருபதுக்கு ஹெரால்டு முதல் வாசலில் நுழைந்தது. அலுவலகத் தாழ்வாரத்தில் பாண்டிமுருகன் எழுந்து நின்றார். கார் நிற்கவில்லை. அவர் பின்னாலேயே நடந்தார். ஓட வேண்டும் என்று கால் சொன்னது. விருந்தாளிகள் பார்ப்பார்களே என்று தலை சொன்னது. இரண்டாம் வாசலுக்கு அவர் நாற்பதடி தொலைவில் இருக்கையில் கார் அங்கே நின்றுவிட்டது.

“வணக்கம் மொதலாளி. ஆப் பண்ணாதீக. மூணு தடவை ஏத்திக் குடுங்க,” என்றார் சங்கிலிமுத்து, வளையத்தை எடுத்தபடி.

“சங்கிலி, சம்மந்தி வீட்டாள்க இருக்காக.”

“இருக்கட்டும் மொதலாளி. அவுகளும் பாக்கட்டும்.”

முன்னிருக்கையிலிருந்து தங்கச்சாமி தலையை நீட்டினார். “என்ன, கல்யாணத்துக்கு முந்தி காருக்கும் பொருத்தம் பாக்கீகளா?”

சோலைமலை சிரித்தார், முறுக்கினார். துணி கறுத்தது. மறுபடி முறுக்கினார், மேலும் கறுத்தது. மூன்றாம் முறை ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தபோது புகைக்குழாய் ‘டப்’பென்று வெடித்தது. அருகே குழாய் உருட்டிக்கொண்டிருந்த பெண்கள் அத்தனை பேரும் ஒரே கணத்தில் எழுந்து நின்றார்கள். அந்த ஊரில் அந்தச் சத்தத்துக்கு எழாத உடம்பு கிடையாது.

துணியில் மூன்று ஓட்டைகள். அவற்றின் விளிம்பு சிவந்து ஊர்ந்துகொண்டிருந்தது. சங்கிலிமுத்து அதை வெறுங்கையால் கசக்கி அணைத்தார்.

“திருப்பிக்கிடுங்க மொதலாளி.”

“ஏலே, அதுல அரெஸ்டர் இருக்குலே! எந்தம்பி காலைலதான் மாட்டுனான்.”

“இருந்தா ஓட்டை விழாது மொதலாளி. எறங்கி நடந்து வாங்க. சாயங்காலம் நானே ஆளைவிட்டு வண்டியைத் துடைச்சு வைக்கேன்.”

“பாண்டி!” சோலைமலையின் குரல் நாற்பதடியைத் தாண்டி வந்தது. “சொல்லு. மாட்டுனியா, இல்லையா?”

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

“மாட்டுனேண்ணே.”

அது உண்மைதான். மாட்டினார். கழற்றியதைப் பற்றி எவரும் கேட்கவில்லை.

சங்கிலிமுத்து கசக்கிய துணியை விரித்துப் பிடித்தார். “அப்ப இந்தத் துணிதான் பொய் சொல்லுது போல. இருக்கட்டும் சின்ன மொதலாளி. வண்டி உள்ள போகாது.”

தங்கச்சாமி கதவைத் திறந்து இறங்கினார். “நடப்போம் அண்ணாச்சி. டாக்டரும் நடக்கத்தான் சொல்லிருக்காரு.” அவர் மனைவியும் இறங்கினார். சோலைமலை கடைசியாக இறங்கினார். துண்டு காரிலேயே கிடந்தது.

சுற்றிப் பார்த்து முடித்து விடைபெறும்போது தங்கச்சாமி சொன்னார்: “ரெண்டாவது கேட்டுல நிக்கிற ஆளு நல்ல ஆளு அண்ணாச்சி. விட்டுராதீக. மத்ததை வீட்டுல கலந்து பேசிட்டுச் சொல்லுதோம்.”

அந்த வாக்கியங்களில் சோலைமலையின் காதில் விழுந்தது கடைசி ஒன்று மட்டும்.

*

மாலை ஐந்து மணிக்கு அண்ணன் அறைக்குப் பாண்டிமுருகன் அழைக்கப்பட்டார். மேசையில் தட்டச்சு செய்த ஒரு தாள் இருந்தது.

‘காரில் பொறித்தடுப்பு முறையாகப் பொருத்தப்பட்டிருந்தும், விருந்தினர் முன்னிலையில் வேண்டுமென்றே வண்டியைத் தடுத்து, நிறுவனத்திற்கு அவப்பெயர் விளைவித்த காரணத்தால், காவலர் திரு. சங்கிலிமுத்து இன்று முதல் பணியிலிருந்து நீக்கப்படுகிறார்.’

கீழே இரண்டு கோடுகள். ஒன்றின் மேல் சோலைமலை கையெழுத்திட்டிருந்தார். ஆளைச் சேர்க்க அண்ணன் தம்பி இரண்டு பங்காளிகளில் ஒருவர் கையெழுத்துப் போதும், நீக்க இரண்டு பேரும் போட வேண்டும் என்பது அப்பா வைத்த ஏற்பாடு. இதுவரை அந்த இரண்டாம் கோட்டுக்கு வேலை வந்ததில்லை.

“இது வேண்டாம்ணே. அந்தாளு இருபத்திரண்டு வருசம்…”

“வருசம் கேக்கலை. அதுல எழுதியிருக்கது சரியா, தப்பா?”

பாண்டிமுருகன் தாளை மறுபடி முதலிலிருந்து படித்தார்.

“தப்புன்னா சொல்லு. அரெஸ்டர் இல்லைன்னு எழுதிருவோம். கழட்டுனது யாருன்னும் எழுதிருவோம். பாதுகாப்புப் பொறுப்பு யாரு பேர்ல இருக்குன்னு சூலக்கரை பேக்டரி இன்ஸ்பெக்டர் ஆபீஸ்ல கேட்டா, எம் பேரைச் சொல்ல மாட்டாக.”

கழற்றியது அண்ணனுக்குத் தெரியும் என்பது பாண்டிமுருகனுக்கு அப்போதுதான் தெரிந்தது. காலையிலேயே தெரியும். தெரியாதபடி தெரிந்துகொள்வதற்காகத்தான் அந்தத் தொலைபேசியை அத்தனை விரைவாக வைத்தார்.

“அஞ்சு நிமிசம் குடுங்கண்ணே.”

வெளியே வந்தவர் நேராகக் கருவிப்பெட்டி கிடந்த தம் ஜீப்புக்குப் போனார். திருப்பி விடப்பட்ட கார் முதல் வாசலருகே நின்றது. வலையை எடுத்து, கூட்டைத் திறந்து, உள்ளே செருகிவிட்டால் அந்தத் தாளில் இருப்பது உண்மையாகிவிடும். குறைந்தது, இனிப் பார்ப்பவர்களுக்கு உண்மையாகிவிடும். வாழ்நாள் முழுவதும் உடைந்ததைப் பொருத்திப் பழகிய ஒருவருக்கு இதுவும் பொருத்துகிற வேலையாகவே தோன்றியது.

கருவிப்பெட்டியில் வலை இல்லை.

“நீங்க தேடுறது எங்கிட்ட இருக்கு சித்தப்பா.”

மாரிச்செல்வி ஜீப்பின் மறுபக்கம் நின்றிருந்தாள். தோளில் கைப்பை, பையின் வயிறு புடைத்திருந்தது.

“குடு தாயி.”

“எதுக்கு? திரும்ப மாட்டவா?”

“ஒனக்குத் தெரியாது. ஒங் கல்யாணம் இதுல இருக்கு.”

“கல்யாணம் எனக்குத்தான சித்தப்பா? கவலையும் எனக்கே இருக்கட்டும்.” அவள் குரல் உயரவில்லை. “அந்த லெட்டரை அப்பா எங்கிட்டத்தான் அடிக்கச் சொன்னாக. நானே இந்தக் கையால அடிச்சேன். சங்கிலியண்ணன் மேல தப்பில்லைன்னு நீங்க ஒரு வார்த்தை எழுதிக் குடுங்க. இதை ஒங்க கையிலயே தாரேன். நீங்க எதுல கையெழுத்துப் போடுறீகன்னு பாத்துட்டுப் போறேன்.”

“பயமா இருக்கு தாயி,” என்றார் அவர்.

“எனக்கும்தான்,” என்றாள் அவள்.

அறைக்குத் திரும்பும் வழியில் பாண்டிமுருகன் காரணங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார். தீபாவளிக்கு ஐந்து வாரம் இருக்கிறது. உண்மை வெளியே போனால் விசாரணை வரும். விசாரணை முடியும்வரை ஆலை மூடிக் கிடக்கும். சீசனில் மூடினால் நூற்றுநாற்பது பேர் வேறு கம்பெனி தேடிப் போவார்கள். சங்கிலிமுத்து ஒருவர்; அவர்கள் நூற்றுநாற்பது பேர். எல்லாம் சரியான காரணங்கள். அவற்றுள் ஒன்றுகூட உண்மையான காரணம் இல்லை. அண்ணன் எதிரில் நின்று அவர் இதுநாள்வரை ஒரு வாக்கியத்தையும் முடித்ததில்லை. உண்மையான காரணம் அவ்வளவே.

சோலைமலை பேனாவின் மூடியைக் கழற்றித் தயாராக வைத்திருந்தார்.

பாண்டிமுருகன் இரண்டாம் கோட்டின் மேல் கையெழுத்திட்டார். எழுத்துகள் வழக்கம்போல் தெளிவாக விழுந்தன. கை நடுங்கியிருந்தால் பிற்பாடு நினைத்துக்கொள்ள ஓர் ஆறுதலாவது இருந்திருக்கும்.

“நீயே குடுத்துரு,” என்றார் சோலைமலை. “ஒம் பொறுப்புல உள்ள ஆளுதான?”

தாழ்வாரத்தில் மாரிச்செல்வி நின்றாள். அவர் கையிலிருந்த தாளைப் பார்த்தாள். அவர் முகத்தைப் பார்க்கவில்லை. மடித்திருந்த தாளின் வழியே கறுப்பு மை இரண்டு இடங்களில் தெரிந்தது. வலை இருந்த பையுடன் ஸ்கூட்டியை எடுத்து முதல் வாசலைத் தாண்டினாள். விருதுநகரில் இருக்கும் வீட்டுக்கு வலப்பக்கம் திரும்ப வேண்டும். வண்டி இடப்பக்கம், தங்கச்சாமி இருக்கும் சிவகாசியை நோக்கித் திரும்பியது. பாண்டிமுருகன் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். தொழிலாளர் வேன்கள் புறப்படும் இரைச்சலில் அது அவருக்கே கேட்கவில்லை.

ஐந்து மணி நாற்பது நிமிடம். இரண்டாம் வாசலில் சங்கிலிமுத்து, கடைசியாக வெளியேறும் பெண்களின் தலைகளை எண்ணிக்கொண்டிருந்தார். எண்ணி முடித்துச் சங்கிலியை மாட்டிவிட்டுத் திரும்பினார்.

“வாங்க சின்ன மொதலாளி. ஒங்களைத்தான் நெனச்சுக்கிட்டிருந்தேன்.”

“என்னையா?”

“பெரிய மொதலாளி கோவமாத்தான் இருப்பாக. இருக்கத்தான் செய்யும், வந்தவுக முன்னாடி எறக்கி விட்டுட்டம்லா? வீட்டுல கருப்பம்மாள் போன் போட்டா. வேலை போயிருமோன்னு ஒரே அழுகை. நான் சொன்னேன், சின்ன மொதலாளி இருக்காக, அவுக கையெழுத்து இல்லாம இங்கன ஒண்ணும் நடக்காது, நீ போயி ஒலையை வையின்னு.”

பாண்டிமுருகன் தாளை நீட்டினார்.

சங்கிலிமுத்து துணிக்கரி படிந்த கையைச் சட்டையில் துடைத்துவிட்டு, இரண்டு கைகளாலும் அதை வாங்கிக்கொண்டார்.